மார்க் மெஷினுக்குப் பின்னால ஒரு லீவர்

இந்த எபிசோடு ஒரு பெட்டியில இருந்து தொடங்குது.

1920-கள். அமெரிக்காவுல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி. சிட்னி பிரெஸ்ஸின்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர் டைப்ரைட்டர் மாதிரி ஒரு மெஷின் செஞ்சு வெச்சிருக்கார். முன்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். அதுல ஒரு கேள்வியும் நாலு விடையும் தெரியும். பக்கத்துல நாலு பட்டன். மாணவர் ஒரு பட்டனை அழுத்தினா உள்ள இருக்கற உருளை சுத்தி அடுத்த கேள்வி வரும். எத்தனை சரின்னு ஒரு கவுண்டர் எண்ணிக்கிட்டே இருக்கும். டெஸ்ட் முடிஞ்சதும் ஆசிரியர் பின்பக்கம் வந்து பார்த்தா மார்க் ரெடி. பேப்பர் இல்ல, சிவப்பு பேனா இல்ல.

இதுவரைக்கும் சரி, ஒரு நல்ல கேட்ஜெட். ஆனா அந்தப் பெட்டிக்குப் பின்னால ஒரு லீவர் இருந்துச்சு. அதைத் தூக்கி விட்டா அதே மெஷின் வேற மாதிரி நடந்துக்கும். தப்பான பட்டனை அழுத்தினா நகராது. சரியானதை அழுத்தினாதான் அடுத்த கேள்வி. அதாவது தப்பு பண்ணின அந்த நொடியிலேயே தப்புன்னு தெரிஞ்சிடும், அங்கேயே நின்னு யோசிக்கணும். இத்தனை சரியா போட்டா ஒரு மிட்டாய் விழற மாதிரி ஒரு இணைப்பு கூட வெச்சிருந்தார் மனுஷன்.

ஒரே ஹார்டுவேர், ரெண்டு மோடு. லீவர் கீழ இருந்தா டெஸ்ட். மேல இருந்தா பாடம்.

பிரெஸ்ஸி எதிர்பார்த்த மாதிரி அது விக்கல. பொருளாதார மந்தம் வந்து வாத்தியார்களே வேலையில்லாம நின்ன காலம், வாத்தியார் வேலையைக் குறைக்கற மெஷினை யார் வாங்குவா? 1932-ல அவரே வருத்தத்தோட இந்த வேலையை நிறுத்தறதா எழுதிட்டார். ஆனா மார்க் போடற மெஷின்கள் நிக்கல. அடுத்த நூறு வருஷத்துல அவை உலகத்தையே பிடிச்சிடுச்சு, நம்ம நீட், டிஎன்பிஎஸ்சி வரைக்கும். கிட்டத்தட்ட எல்லாமே லீவர் கீழ இருக்கற மோடுலதான். ஏன் அப்படி ஆச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை.

ஒரே பேப்பர், நூத்துக்கும் மேல வாத்தியார்கள்

மெஷின் வேணும்னு யாருக்கு, எதுக்குத் தோணுச்சு? சோம்பேறித்தனம்னு நினைச்சா தப்பு. நியாயம் வேணும்னுதான் தோணுச்சு.

1888-லயே எட்ஜ்வொர்த்னு ஒரு பொருளாதார அறிஞர் இங்கிலாந்துல ஒரு சங்கடமான விஷயத்தை எழுதினார். தேர்வு மார்க்குங்கறதும் ஒரு அளவீடுதான். நட்சத்திரத்தோட இடத்தை அளக்கும்போது எப்படிப் பிழை வருதோ, அதே மாதிரி மார்க்லயும் பிழை வரும். பாஸ், ஃபெயில் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கறவங்களுக்கு அந்தப் பிழை கிட்டத்தட்ட லாட்டரி. படிச்சவங்க தலையாட்டினாங்க, பள்ளிக்கூடங்கள்ல பெருசா எதுவும் மாறல.

நிஜமா குண்டு போட்டது 1912, 1913-ல ரெண்டு பேர். விஸ்கான்சின் யுனிவர்சிட்டியில இருந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட். அவங்க பண்ணினது ரொம்ப சிம்பிள். பள்ளிக்கூடப் பசங்க எழுதின ரெண்டு இங்கிலீஷ் விடைத்தாளை நகல் எடுத்து 200 பள்ளிகளுக்கு அனுப்பி, உங்க வழக்கப்படி நூத்துக்கு மார்க் போட்டு அனுப்புங்கன்னு கேட்டாங்க. பதில் வந்தது 142 இடத்துல இருந்து. ஒரு பேப்பருக்கு 64-ல இருந்து 98 வரைக்கும் மார்க். இன்னொண்ணுக்கு 50-ல தொடங்கி 90-க்கு மேல. ஒரே பேப்பர்!

"இங்கிலீஷ் பேப்பர்னா அப்படித்தான், அது ரசனை சம்பந்தப்பட்டது"ன்னு விமர்சனம் வந்துச்சு. சரி, கணக்கு பேப்பர்லயே பார்த்துடலாம்னு அடுத்த வருஷம் ஒரு ஜியோமெட்ரி விடைத்தாளை அனுப்பினாங்க. கணக்குல ரசனை எங்க இருந்து வரும்? 116 கணக்கு வாத்தியார்கள் திருத்தினாங்க. கீழ 28. மேல 90-ஐத் தாண்டி. இங்கிலீஷை விட மோசம். ஒருத்தர் வழிமுறைக்கு மார்க் கொடுத்திருக்கார், இன்னொருத்தர் விடை தப்புன்னா அவ்வளவுதான்னு முடிச்சிருக்கார், வேற ஒருத்தர் படம் அழகா இல்லைன்னு கழிச்சிருக்கார்.

28 வாங்கினா அந்தப் பையன் ஃபெயில். 90 வாங்கினா வாத்தியார் முதுகுல தட்டிக் கொடுப்பார். அது யார் கையில பேப்பர் போச்சுங்கறதைப் பொறுத்தது. ரீவேல்யுவேஷனுக்கு அப்ளை பண்ணி 20 மார்க் ஏறின அனுபவம் உள்ளவங்க இதைக் கேட்டு சிரிச்சுக்கிட்டு இருப்பீங்கன்னு தெரியும்.

(ஒரு சின்ன தகவல்: இந்த ஸ்டார்ச் அப்புறம் விளம்பரத் துறைக்குப் போய், பத்திரிகை விளம்பரத்தை எத்தனை பேர் நிஜமா படிக்கறாங்கன்னு அளக்கற கம்பெனி தொடங்கினார். அளக்கறதுல மனுஷனுக்கு அவ்வளவு ஆர்வம்.)

இதே கவலையோட இன்னொருத்தர் இருந்தார். ஃபிரெடெரிக் கெல்லி. வாத்தியார்களோட மார்க் எவ்வளவு மாறுதுங்கறதைப் பத்திதான் 1914-ல அவரோட டாக்டரேட் ஆய்வே. கான்சாஸ்ல வேலை பார்த்தப்ப அவர் கண்டுபிடிச்ச தீர்வு: திருத்தறவருக்கு யோசிக்க எதுவுமே மிச்சம் வைக்காத கேள்வி. சரியான வார்த்தையைச் சுத்தி வட்டம் போடு. வட்டம் சரியா, தப்பா, அவ்வளவுதான். கான்சாஸ் சைலன்ட் ரீடிங் டெஸ்ட்னு 1915 வாக்குல வந்த அந்த டெஸ்டைத்தான் மல்டிபிள் சாய்ஸோட தொடக்கம்னு வழக்கமா சொல்லுவாங்க.

இதை ஒரு என்ஜினியரா பார்த்தா எனக்கு ரொம்பப் பிடிச்ச மாதிரியும் இருக்கு, பயமாவும் இருக்கு. சிஸ்டத்துல நாய்ஸ் வருது. நாய்ஸுக்குக் காரணம் மனுஷனோட தீர்ப்பு. அதைச் சரிப்படுத்தறது கஷ்டம். அதனால தீர்ப்பே தேவைப்படாத மாதிரி இன்புட்டை மாத்திடு. பக்கா தீர்வு. ஆனா இன்புட்டுங்கறது இங்க ஒரு பிள்ளை யோசிச்ச விதம்.

1917-ல அமெரிக்கா முதல் உலகப் போர்ல இறங்கினதும் ராணுவம் இந்த மாதிரி டெஸ்டை சுமார் 17 லட்சம் பேருக்கு வெச்சது. அதுக்கப்புறம் பள்ளிக்கூடங்கள் கேட்கவே வேண்டாம்.

பென்சிலும் ஸ்பார்க் பிளக்கும்

இப்ப இந்த எபிசோடோட ஹீரோ. ரெனால்ட் ஜான்சன். 1906-ல பிறந்தவர், மிச்சிகன் மாநிலத்துல அயர்ன்வுட்னு ஒரு சுரங்க ஊர்ல சயின்ஸ் வாத்தியார்.

ஜான்சன் சின்ன வயசுல ஒரு குறும்பு பண்ணுவார். வீட்டுல அவரோட சகோதரிகளைப் பார்க்க பையன்கள் கார்ல வருவாங்க. இவர் போய் அந்தக் காரோட ஸ்பார்க் பிளக்ல, வெளிப்பக்கம் இருக்கற பீங்கான் மேல பென்சிலால கோடு போட்டுட்டு வந்துடுவார். பென்சில்ல இருக்கற கிராஃபைட் கரண்ட்டைக் கடத்தும். தீப்பொறியா தாவ வேண்டிய கரண்ட் அந்தக் கோடு வழியா வெளியவே ஒழுகிப் போயிடும். கார் ஸ்டார்ட் ஆகாது. காரணம் என்னன்னு பையன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பான்.

வாத்தியார் ஆனப்புறம் கட்டுக்கட்டா பேப்பர் திருத்தும்போது அந்தக் குறும்பு ஞாபகம் வருது. பென்சில் கோடு கரண்ட்டைக் கடத்துதுன்னா, பசங்க பென்சில்ல குறிச்ச விடையை மெஷினே தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமே!

மெஷின் செஞ்சார். ஐபிஎம் கம்பெனிக்கிட்ட கொண்டு போனார். முதல்ல வேண்டாம்னுட்டாங்க. ஆனா கொலம்பியா யுனிவர்சிட்டியில பென் வுட்னு ஒரு பேராசிரியர், டெஸ்ட்களை மெஷின்ல திருத்தணும்னு பல வருஷமா கனவு கண்டுக்கிட்டு இருந்தவர், ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனுக்கு நெருக்கமானவர். அந்தப் பக்கத்து ஆதரவோட, 1934-ல ஜான்சனுக்கு ஐபிஎம்ல என்ஜினியர் வேலை கிடைக்குது.

அதுல ஒரு அழகான டெக்னிக்கல் பிரச்சினை இருந்துச்சு. பசங்க எல்லாரும் ஒரே மாதிரி பென்சில் அழுத்த மாட்டாங்க. ஒருத்தன் பேப்பர் கிழியற மாதிரி தீட்டுவான், ஒருத்தி லேசா தொட்டுட்டுப் போவா. கோடு மாறினா ரெசிஸ்டன்ஸ் மாறும், கரண்ட் மாறும், மார்க் மாறும். அழுத்தி எழுதினா அதிக மார்க்கா? தீர்வு: ஒவ்வொரு விடைக்கும் உள்ள சர்க்யூட்ல ரொம்பப் பெரிய ரெசிஸ்டன்ஸை முன்னாடியே சேர்த்து வெச்சிடு. அதுக்கு முன்னால பென்சில் கோட்டோட வித்தியாசம் ஒண்ணுமே இல்லாம போயிடும். ஒவ்வொரு கோடும் கிட்டத்தட்ட ஒரே அளவு கரண்ட்டை விடும். சரியான விடைகள்ல இருந்து வர்ற கரண்ட் எல்லாம் ஒண்ணா சேர்ந்து ஒரு மீட்டருக்குப் போகும். முள் எங்க நிக்குதோ அதுதான் மார்க்.

கவனிச்சீங்களா? அந்த மெஷின் எண்ணவே இல்ல. வோல்ட்மீட்டர் மாதிரி அளந்துச்சு. பையனோட அறிவு ஒரு முள்ளோட அசைவு. ஸ்கூல் ஃபிசிக்ஸ்ல ஓம்ஸ் லா எதுக்குன்னு கேட்டவங்களுக்கு இதை விட நல்ல பதில் எனக்குத் தெரியல.

1938-ல ஐபிஎம் 805ங்கற பேர்ல அது சந்தைக்கு வந்துச்சு. பழகின ஆபரேட்டர் ஒருத்தர் ஒரு மணி நேரத்துல சுமார் 800 விடைத்தாளைப் பார்த்துடலாம். வட்டத்தை நல்லா கருப்பா நிரப்புங்கற அறிவுரை உலகத்துக்கு வந்தது இந்த மாதிரி மெஷின்கள் வழியாத்தான்.

ஜான்சன் அங்கேயே நிக்கல. 1952-ல ஐபிஎம் அவரை கலிஃபோர்னியாவுல சான் ஹோசேவுக்கு அனுப்பி ஒரு லேப் தொடங்கச் சொல்லுச்சு. அந்த லேப்ல இருந்துதான் 1956-ல உலகத்தோட முதல் ஹார்டு டிஸ்க் வந்துச்சு. ஆமா, நாம இன்னைக்கு டேட்டா சேமிக்கற இந்த மொத்த வம்சத்துக்கும் மூத்தவர், பேப்பர் திருத்திச் சலிச்ச ஒரு ஸ்கூல் வாத்தியார்.

இந்த மெஷின் தப்பான விடைகளையும் தனியா அளக்கும், சரியில இருந்து தப்பைக் கழிச்சும் காட்டும். நெகட்டிவ் மார்க் கணக்குக்கு அப்பவே பட்டன் தயார். இங்க ஒரு நிமிஷம் நம்ம ஊருக்கு வருவோம். நீட்ல சரின்னா 4, தப்புன்னா மைனஸ் 1. நாலு ஆப்ஷன்ல கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைக் குறிச்சா சராசரியா என்ன கிடைக்கும்? நாலுல ஒரு தடவை 4 மார்க், மூணு தடவை ஒவ்வொரு மார்க் போகும். மொத்தம் 1. நாலால வகுத்தா கேள்விக்கு கால் மார்க் லாபம். அதாவது குருட்டாம்போக்குல குறிக்கறதை அந்த நெகட்டிவ் மார்க் முழுசா சமன் பண்ணவே இல்ல. அஞ்சு ஆப்ஷன் இருந்தாத்தான் அந்தக் கணக்கு ஜீரோ ஆகும். இதைத் தெரிஞ்சுக்கிட்டு யாரும் போய் கண்ணை மூடிக் குறிக்காதீங்க, சராசரிங்கறது லட்சம் பேருக்குத்தான் பொருந்தும், ஒரு ஆளுக்கு இல்ல.

அப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1955-ல அயோவா யுனிவர்சிட்டியில லிண்ட்குவிஸ்ட் குழு கரண்ட்டுக்குப் பதிலா ஒளியால படிக்கற மெஷினைக் கொண்டு வந்துச்சு. மணிக்கு ஆயிரக்கணக்குல தாள்கள். நம்ம ஓஎம்ஆர் அந்த வம்சம். ஒளிதான் படிக்குதுங்கறதாலதான் நமக்கு பென்சிலுக்குப் பதிலா பால்பாயின்ட் பேனா. 1972-ல ஸ்கேன்ட்ரான் கம்பெனி வந்து, சின்ன ஸ்கேனரை நேரா பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டு வெச்சது. மெஷினை மலிவா கொடுத்து விடைத்தாள்ல காசு பார்த்தாங்க. பிரின்டர் மலிவு, இங்க் விலை அதிகம், அதே வித்தை.

தப்புக்கும் ஒரு அர்த்தம் இருக்கு

இந்த வரிசையில எல்லாருமே ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடினாங்க: எத்தனை சரி? 1978-ல ரெண்டு பேர் வேற கேள்வி கேட்டாங்க: எப்படித் தப்பு?

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன். கம்ப்யூட்டர் ஆய்வாளர்கள். சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது உடனே புரியும். பேப்பர் இருந்தா எழுதிப் பாருங்க. 253-ல 118 போனா எவ்வளவு? 135. ஒரு பையன் 145னு எழுதறான். கவனக்குறைவா? அடுத்தது 462-ல 237. அவன் விடை 235. சரியானது 225. மறுபடி தப்பு. நம்ம மெஷின் என்ன சொல்லும்? பத்துக்கு பூஜ்யம். கணக்கு வரல.

ஆனா நல்லா பாருங்க. 3-ல 8 போகாது. அதனால அவன் 8-ல இருந்து 3-ஐக் கழிச்சு 5னு எழுதறான். 2-ல 7 போகாதா, 7-ல 2 கழிச்சு 5. ஒவ்வொரு இடத்துலயும் பெரிய இலக்கத்துல இருந்து சின்னதைக் கழிக்கறான், கடன் வாங்கறதே இல்ல. மூளை வேலை செய்யாம இல்ல, ஒரு புரோகிராம் சுத்தமா, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஓடுது. அதுல ஒரே ஒரு பக்.

பிரவுனும் பர்ட்டனும் பக்ங்கற இந்த வார்த்தையைத்தான் பயன்படுத்தினாங்க. நிகரகுவா நாட்டுல ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதின கழித்தல் விடைகளை கம்ப்யூட்டர்ல போட்டு அலசினாங்க. தாறுமாறுன்னு தோணின நிறைய தப்புக்குப் பின்னால திட்டவட்டமான விதி இருந்தது தெரிஞ்சது. அப்புறம் பக்கின்னு ஒரு விளையாட்டு. அதுல கம்ப்யூட்டர்தான் மாணவன், அதுக்குள்ள ஒரு பக் ஒளிஞ்சிருக்கும். ஆசிரியர் பயிற்சியில இருக்கறவங்க கணக்கு கொடுத்துக் கொடுத்து அந்த பக்கைக் கண்டுபிடிக்கணும். டீபக்கிங் பயிற்சி, வாத்தியார்களுக்கு! என்னைக் கேட்டா இந்த மொத்த வரலாற்றுலயும் இதுதான் மிக அழகான கருவி. இதைப் பத்திக் கேள்விப்பட்டவங்கதான் ரொம்பக் கம்மி.

இன்னொரு விஷயம், சரியான விடையும் ஏமாத்தும். 0.4, 0.35, 0.175. இதுல எது பெருசு? இலக்கம் அதிகமா இருந்தா எண் பெருசுன்னு நினைக்கற பிள்ளை 0.175னு சொல்லும், மாட்டிக்கும். இன்னொரு பிள்ளை, இலக்கம் கம்மியா இருந்தாத்தான் பெருசுன்னு நினைக்குது. அது 0.4னு சொல்லும். முழு மார்க்! இந்தப் பிள்ளையைப் பிடிக்க 0.6, 0.85னு ஒரு கேள்வி கூடவே வேணும். தசம எண்ல பிள்ளைங்க இந்த ரெண்டு விதமாவும் தடுக்கி விழறதை ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்காங்க. ஆக, மல்டிபிள் சாய்ஸே கெட்டதுன்னு நான் சொல்ல வரல. ஒவ்வொரு தப்பான ஆப்ஷனும் ஒரு குறிப்பிட்ட தப்பான யோசனைக்கு ஆள் பிடிக்கற பொறியா இருந்தா, நாலு ஆப்ஷன் கேள்வி ஒரு எக்ஸ்ரே. சும்மா இடத்தை நிரப்ப மூணு ஆப்ஷன் போட்டா அது லாட்டரி டிக்கெட்.

கட்டுரை எழுதறதுக்கும் மெஷின் வந்துச்சு. எல்லிஸ் பேஜ், முன்னாள் இங்கிலீஷ் வாத்தியார், 1966-ல கம்ப்யூட்டரே கட்டுரைக்கு மார்க் போடும்னு அறிவிச்சார். வார்த்தை நீளம், கட்டுரை நீளம், கமா எத்தனைன்னு எண்ணினதே மனுஷங்க போட்ட மார்க்கோட நல்லா ஒத்துப்போச்சு. அர்த்தம் புரியாமலே! பல வருஷம் கழிச்சு எம்ஐடியில எழுத்து கத்துக் கொடுத்த லெஸ் பெரல்மன், மாணவர்களோட சேர்ந்து பேபல்னு ஒரு புரோகிராம் செஞ்சார். அது வாய்க்கு வந்ததை பெரிய பெரிய வார்த்தைகள்ல உளறும். அந்த உளறலுக்கு இந்த மாதிரி மெஷின்கள் நல்ல மார்க் கொடுத்துச்சு. இப்ப ஏஐ கிட்ட கட்டுரையைக் கொடுத்து நூத்துக்கு எவ்வளவுன்னு கேட்கற ஆசிரியர்கள் இந்தக் கதையை ஒரு தடவை படிக்கலாம்.

மார்க் பக்கத்துல இருந்தா கமென்டை யார் படிப்பா

லீவர் கதைக்குத் திரும்புவோம். 1967-ல மைக்கேல் ஸ்கிரிவன் மதிப்பீட்டை ரெண்டா பிரிச்சு பேர் வெச்சார். ஃபார்மேட்டிவ், சம்மேட்டிவ். வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போதே அதைச் சரி பண்ணப் பார்க்கறது முதலாவது. முடிஞ்சப்புறம் எப்படி இருக்குன்னு சொல்றது ரெண்டாவது. சமையல்ல இருக்கும்போது அம்மா ரசத்தை நாக்குல விட்டுப் பார்க்கறதுக்கும், பந்தியில உட்கார்ந்த பெரியப்பா உப்பு கம்மின்னு சொல்றதுக்கும் உள்ள வித்தியாசம்.

1988-ல ரூத் பட்லரோட ஆய்வு வந்துச்சு. இஸ்ரேல்ல அஞ்சாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு வேலை கொடுத்து, திருத்தித் திருப்பிக் கொடுத்தாங்க. ஒரு குழுவுக்கு மார்க் மட்டும். ஒரு குழுவுக்கு மார்க் இல்லாம, எது நல்லா இருக்கு, எதை மாத்தலாம்னு கமென்ட் மட்டும். மூணாவது குழுவுக்கு ரெண்டும். அடுத்த வேலையில யார் முன்னேறினாங்க? கமென்ட் மட்டும் வாங்கினவங்க. மார்க் மட்டும் வாங்கினவங்க முன்னேறல, அது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் மூணாவது குழு. கமென்டும் கிடைச்சுது, மார்க்கும் கிடைச்சுது, ஆனா அவங்களும் முன்னேறல. பக்கத்துல ஒரு எண் இருந்தா கண் அங்கதான் போகுது. அதுக்கப்புறம் கண் பக்கத்து பெஞ்சுக்காரனோட எண்ணுக்குப் போகுது. கமென்ட் எழுதின வாத்தியாரோட ராத்திரி வீண்.

நம்ம ஆபீஸ்ல கோட் ரிவ்யூ எப்படி நடக்குது? சீனியர் வந்து இந்த லைன்ல நல் செக் இல்ல, இந்த ஃபங்ஷனைப் பிரிச்சிடுன்னு கமென்ட் போடுவார். நாம திருத்தி மறுபடி அனுப்புவோம். அதுக்குப் பதிலா அவர் நூத்துக்கு 63னு மட்டும் எழுதிட்டு சாப்பிடப் போனா? அடுத்த நாள் ஹெச்ஆர்ல பஞ்சாயத்து நடக்கும். ஆனா பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல நமக்கு நடந்தது அதுதான்.

சரி, இந்த ஃபார்மேட்டிவ்ங்கற வார்த்தை நம்ம ஊருக்கும் வந்துச்சு. 2012-13-ல தமிழ்நாட்டுல எட்டாம் வகுப்பு வரைக்கும் முப்பருவ முறையும் சிசிஇ-யும் வந்தப்ப பள்ளியில இருந்தவங்களுக்கு எஃப்ஏ (ஏ), எஃப்ஏ (பி) ஞாபகம் இருக்கும். எங்க சித்தி பொண்ணு சார்ட் பேப்பரும் தெர்மாகோலுமா சுத்தினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஃபார்மேட்டிவுக்கு 40 மார்க், சம்மேட்டிவுக்கு 60. இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரசத்தை நாக்குல விட்டுப் பார்க்கறதுக்கும் 40 மார்க் போட்டு ரெஜிஸ்டர்ல ஏத்தினாச்சு. லீவரை மேல தூக்கற மாதிரி தூக்கி, அதுக்கு மேலயே இன்னொரு கவுண்டர் மாட்டின கதை. யார் மேலயும் கெட்ட எண்ணம் சொல்ல மாட்டேன். அரசாங்கத்துக்குக் கணக்கு வேணும், எண்ணாத எதையும் ஃபைல்ல ஏத்த முடியாது.

2022-ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல ஒரு நல்ல யோசனை இருந்துச்சு. கொரோனாவுல பள்ளி மூடிக் கிடந்தப்புறம், ஒண்ணு முதல் மூணாம் வகுப்புப் பிள்ளைகளை அவங்க நிஜமா இருக்கற நிலையை வெச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுக் கத்துக் கொடுக்கறது. எத்தனை மார்க்குங்கறதை விட எங்க நிக்கறேங்கறதுக்கு முக்கியத்துவம். பிள்ளைகளோட மதிப்பீடு செயலியில பதிவாகும். ஆனா பதிவு செய்யவே நேரம் போயிடுது, பாடம் எப்ப நடத்தறதுன்னு ஆசிரியர்கள் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. நாற்பது பிள்ளைகளை வெச்சுக்கிட்டு நெட்வொர்க் சுத்தறதைப் பார்த்து உட்கார்ந்திருக்கற ஒரு டீச்சரை நினைச்சுப் பாருங்க. அவங்க கையில இருக்கற டூல் அவங்களுக்காக வேலை செய்யுதா, மேல இருக்கற ஆபீஸுக்காகவா?

லீவர் இப்ப எங்க இருக்கு

இந்தக் கேள்வியோட இன்னைக்கு இருக்கற சில டூல்களைப் பார்த்தா சுவாரஸ்யமா இருக்கு.

பிளிக்கர்ஸ்னு ஒண்ணு. பிள்ளைகளுக்கு போன் வேண்டாம், டேப்லெட் வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை, அதுல க்யூஆர் கோடு மாதிரி ஒரு உருவம். எந்தப் பக்கம் மேல இருக்கோ அதுதான் விடை. எல்லாரும் அட்டையைத் தூக்கிப் பிடிச்சா டீச்சர் தன் ஒரே போனைச் சுத்திக் காட்டினா போதும், யார் என்ன விடைன்னு வந்துடும். அட்டைகள் ஒவ்வொண்ணும் வேற வேற உருவம்ங்கறதால பக்கத்துல இருக்கறவனைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது. நம்ம ஊர் வகுப்பறைக்கு இதை விடப் பொருத்தமான டூல் எனக்குத் தெரிஞ்சு இல்ல. வகுப்புல பாதிப் பேர் அந்த 145 விடையைத் தூக்கினா, அடுத்த அஞ்சு நிமிஷம் என்ன நடத்தணும்னு டீச்சருக்கு அங்கேயே தெரியும். மார்க் நோட்டை எடுக்கவே வேண்டாம்.

கிரேட்ஸ்கோப், கலிஃபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டியில பேப்பர் திருத்தி அலுத்தவங்க 2014-ல தொடங்கினது. ஜான்சன் கதை மாதிரியேதான். இதுல ஆள் ஆளா திருத்தாம கேள்வி கேள்வியா திருத்தலாம். முதல் கேள்வியை எல்லாருக்கும் பார்த்துட்டு ரெண்டாவதுக்குப் போகலாம். அதனால ஒருத்தரோட முதல் விடை மோசமா இருந்தா அந்தக் கடுப்பு ரெண்டாவது விடை மேல விழாது. எந்தத் தப்புக்கு எத்தனை கழிக்கறதுன்னு ஒரு பட்டியல் உருவாகிட்டே வரும். நடுவுல மனசு மாறி 3 மார்க்கை 2 ஆக்கினா, முன்னாடி திருத்தின எல்லாத் தாள்லயும் அதுவே மாறிடும். ஸ்டார்ச்சும் எலியட்டும் பார்த்தா கண்ணுல தண்ணி வந்திருக்கும். எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. அந்தப் பட்டியலே ஒரு பக் லிஸ்ட். எத்தனை பேர் எந்த இடத்துல எப்படித் தடுக்கினாங்கன்னு அதுல தெரியும். நியாயமும் கிடைக்குது, எக்ஸ்ரேயும் கிடைக்குது. நூறு வருஷமா இது ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்க முடியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

கடைசியா, நம்ம ஊர் டீச்சர்கள் லாக்டவுன்ல விழுந்து விழுந்து பயன்படுத்தின கூகுள் ஃபார்ம்ஸ். 2016-ல இருந்து அதுல க்விஸ் வசதி இருக்கு. செட்டிங்ஸ்ல போனா மார்க்கை எப்ப காட்டறதுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும்: எழுதின உடனேயா, நாம பார்த்து முடிச்சப்புறமா. ஒவ்வொரு கேள்விக்கும் விடை குறிக்கற இடத்துல, தப்பா போட்டவங்களுக்கு என்ன சொல்லணும்னு எழுத ஒரு கட்டம் இருக்கு. லிங்க் கூடப் போடலாம், யூடியூப் வீடியோ வைக்கலாம்.

டீச்சரா இருக்கற ஒரு ஃப்ரெண்ட் கிட்ட இதைக் கேட்டேன். அந்தக் கட்டத்தை எப்பவாவது நிரப்பியிருக்கியான்னு. அப்படி ஒரு கட்டம் இருக்காடான்னு கேட்டா. இருபது கேள்விக்கு எழுத எவ்வளவு நேரம் ஆகும்னு அடுத்த கேள்வி. எல்லாத்துக்கும் வேண்டாம், வகுப்புல எல்லாரும் வழக்கமா விழற மூணு கேள்விக்கு மட்டும் எழுதுன்னேன். அந்த மூணுக்கு மார்க்கே வைக்காதே, பாயின்ட்ஸ்ல ஜீரோ போடுன்னேன். "மார்க் இல்லைன்னா பசங்க எழுத மாட்டாங்கடா"ன்னா. எழுதறாங்களா இல்லையான்னு இந்த டெர்ம்ல ஒரு செக்‌ஷன்ல மட்டும் வெச்சுப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கா. என்ன ஆச்சுன்னு அவளையே ஒரு எபிசோடுக்குக் கூட்டிக்கிட்டு வர்றேன்.

நீங்க டீச்சரா இருந்தா, இல்ல வீட்டுல யாராவது டீச்சரா இருந்தா, அந்தக் கட்டத்துல என்ன எழுதினீங்கன்னு எனக்கு அனுப்புங்க. பார்ப்போம் மக்களே.